சந்தனம் வைத்த பிளாப்பி

அசீசுன்னிசாவுக்குத் தன் கம்ப்யூட்டர்மேல் இருந்த நம்பிக்கையில் பாதி செஞ்சி பஜாருக்கு இருந்திருந்தால், பயிற்சி நிலையம் என்று போர்டு மாட்டிய மறுநாளே வாசலில் வரிசை நின்றிருக்கும். நின்றதோ வேடிக்கை பார்க்கும் கூட்டம். வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள், போனார்கள். தொட்டால் கெட்டுவிடுமாம். ஏ.சி. இல்லாமல் இது ஓடவே ஓடாது என்று அடித்துச் சொன்ன மேதாவிகளும் உண்டு.

ஓடும் என்று அவளுக்குத் தெரியாதா? மெட்ராஸில் அதைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியவளே அவள்தான். பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் விலை சொல்லிக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்த அந்த எண்பத்தேழாம் வருஷத்தில், மவுண்ட் ரோடு பக்கத்துச் சந்துகளில் சின்னச் சின்னக் கடைகள் முளைத்திருந்தன. சிங்கப்பூர் சர்க்யூட் போர்டையும் பிளாப்பி செருகும் தைவான் டிரைவையும் ஒரு டப்பாவுக்குள் சேர்த்து முடுக்கினால், கம்பெனிப் பெட்டி செய்கிற வேலையை அதுவும் செய்தது. அப்படி ஒரு கடையில் வேலை கற்று, தனக்கென்று ஒன்றைப் பூட்டி, ஜமக்காளத்தில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தவள்.

அத்தா நூர் முகமதுவுக்கு உர வியாபாரம். கடையை ஒட்டிய அறையை மகளுக்குக் கொடுத்தவர், விஜயதசமிவரைக்கும்தான் என்று சொல்லிவிட்டார். படிப்பில் சேருகிறவர்கள் அன்றைக்குத்தான் சேருவார்கள். அன்றும் ஒருவரும் வரவில்லையென்றால் அறைக்குள் யூரியா மூட்டை ஏறும். அவள் மறுபடி மெட்ராஸில் யாரோ ஒருவர் கடையில் திருப்புளி பிடிக்க வேண்டியதுதான். பார்த்துக்கலாம் என்றாள் அசீசுன்னிசா.

பக்கத்துப் பாத்திரக்கடை ஆதிலட்சுமி எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கல்யாணமாகித் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தவள். தினமும் வந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பாள்; உட்காரச் சொன்னால் ஓடிவிடுவாள். ஆயுத பூஜையன்று, அசீசுன்னிசா சாப்பிடப் போயிருந்த நேரம், நூர் முகமது பாயிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், தன் தராசுக்கு வைத்த மாதிரியே எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். மேஜைமேல் கிடந்த, கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராம் பதிந்த பிளாப்பியையும் விடவில்லை. அதன் உறையில் நீளமாக ஒரு திறப்பு, உள்ளே தட்டு வெறும் நெற்றி போலத் தெரிந்ததா, அங்கேயே ஒன்று வைத்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போனாள். திரும்பி வந்த அசீசுன்னிசா திரைமேல் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிளாப்பியைப் புரட்டிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

விஜயதசமி காலை நல்ல கூட்டம். பிளாப்பியைச் செருகி சுவிட்சைப் போட்டாள். கரகரவென்று அம்மியில் அரைக்கிற சத்தம். படிக்க முடியவில்லை என்று திரையில் ஒற்றை வரி. வெளியே இழுத்தால் தட்டு முழுக்கச் சந்தனம்.

ஆதிலட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. அப்பவே சொன்னேனே என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். நூர் முகமது மூட்டைவண்டி நிற்கிற பக்கம் பார்த்தார். அசீசுன்னிசாவுக்குக் கோபம் வந்தது, ஆதிலட்சுமிமேல் அல்ல, இந்தப் பாழாய்ப்போன பயத்தின்மேல். திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கம்ப்யூட்டரின் வயிற்றை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, பின்னாலிருந்தவர்கள் எக்கினார்கள்.

எதிர் மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட் வந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி நனைத்து ஆதிலட்சுமியிடம் நீட்டினாள்.

"நானா? வேணாம் அசீசு. ஏற்கெனவே கெடுத்துட்டேன்."

"கெடல அக்கா. அழுக்காயிருக்குது, அவ்ளோதான். வெச்ச கையே தொடைக்கட்டும். டிரைவுக்குள்ள உளுந்து மாதிரி இருக்குது பாரு, அதான் படிக்கிற எடம். மெதுவா."

ஆதிலட்சுமி குச்சியை வாங்கித் துடைத்தாள். தினமும் பித்தளைச் சொம்பின் கழுத்திடுக்கைத் துடைக்கிற கை அது. பஞ்சு மஞ்சளாக வந்தது. மாற்றி மாற்றித் துடைக்க, வெள்ளையாகவே வந்தது. அசீசுன்னிசா பெட்டியிலிருந்து நகல் பிளாப்பியை எடுத்துச் செருகினாள். நகல் இல்லாமல் தொழிலுக்கு இறங்க அவள் என்ன பைத்தியமா? திரையில் பச்சை எழுத்துகள் ஓடின.

ஆதிலட்சுமி திரையைப் பார்க்கவில்லை, திறந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கா இத்தினி நாளு பயந்தேன்? என்னைச் சேர்த்துக்க, அசீசு. நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

அசீசுன்னிசா வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து பதில் வந்தது.

"ஒம்போது மணிக்கு வாம்மா," என்றார் நூர் முகமது. "ரூமை நான் தொறந்து வெக்கிறேன்."