சிவக்காத மழைத்தண்ணீர்

1930-ஆம் ஆண்டு மலாயாவில் ரப்பர் விலை விழுந்தபோது, சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நூறு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இருபது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த ராமசாமியும் அவர்களில் ஒருவர். நாகப்பட்டினத்துக்கு அடுத்த கப்பல் பத்து நாளில் என்று சொன்னார்கள். அதுவரை ஆயர் ஈத்தாமில் தங்கை தனலெட்சுமி வீட்டில் இருக்கலாம் என்று, மனைவி வடிவம்மாளை அழைத்துக்கொண்டு கடலைத் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வந்தார்.

படகுத்துறையில் தங்கையின் கணவர் முனுசாமி மாட்டுவண்டியோடு காத்திருந்தார். வண்டி நேராக வீட்டுக்குப் போகவில்லை. சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்வாசலில் நின்றது. சாப்பிட்டுப் போட்ட வாழை இலைகளை முனுசாமி கூடை கூடையாக ஏற்றினார். அடுத்து ஒரு பால்காரரின் மாட்டுக்கொட்டகை. அங்கே சாணம். வடிவம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“என்ன மாப்ள, எங்களையும் குப்பையோட சேத்து ஏத்திட்டுப் போறீங்க?” என்றார் ராமசாமி.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். நாங்க சாப்பிடுற சோறே இதுலதான் லா,” என்று பினாங்குப் பேச்சின் இழுவையோடு சொன்னார் முனுசாமி.

ஏழு வருடத்துக்கு முன், தங்கை குடும்பம் குடியேறிய ஐந்து ஏக்கரை ராமசாமி பார்த்திருந்தார். பட்டுப்போன பழைய ஜாதிக்காய்த் தோட்டம் அது. செம்பாறைச் சரிவு, நெஞ்சளவுக்கு லாலாங் புல். “இங்க கல்லுகூட முளைக்காது” என்று தங்கையின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனவர், பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

வண்டி நின்ற இடம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சரிவின் உச்சியில் ஆறு பசுக்கள் நிற்கும் கொட்டகை. அதைக் கழுவிவிடும் தண்ணீர் கல்வாய்க்கால் வழியாக வாழைக்கு இறங்கியது. வாழைக்குக் கீழே பாக்குமரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகள். அதற்கும் கீழே கத்தரி, வெண்டை, பாகல். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குளம். மேலே வாத்துகள், உள்ளே மீன்கள். வெறும் மண் என்று கண்ணில் பட ஓர் இடமில்லை. ராமசாமி ஏனென்று தெரியாமலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

கணுக்கால் சேற்றோடு தனலெட்சுமி ஓடி வந்தாள்.

“வாங்கண்ணே! வாங்க அண்ணி!”

“தனம், இதுல எதும்மா ஒங்க பயிரு?”

அவள் சிரித்தாள். “எதுன்னு சொல்றது? கொளத்துல சேறு சேந்தா அள்ளிட்டுப் போயி மேல வாழைக்குப் போடுவோம். வாழைத்தண்டு மாட்டுக்கு. மாட்டுச் சாணி மறுபடி கீழ எறங்கி வந்துரும். ஒண்ணு இந்த வருசம் ஏமாத்துனா இன்னொண்ணு சோறு போடும்.”

“இந்தப் பாறையில எப்படி?”

“மொத வருசம் போட்டதெல்லாம் செத்துச்சு. அப்புறம் லாலாங்க அறுத்துட்டு, மாட்டை இன்னைக்கு ஒரு எடம், நாளைக்கு ஒரு எடம்னு கட்டிப்போட்டு, எலையும் தழையும் கொட்டி மூடிக்கிட்டே வந்தோம். மூணாவது வருசம் ஒருநாள் மக்குன எலையத் தூக்குறேன், அடியில ஒரு மண்புழு. நான் போட்ட சத்தத்துல பாம்புதான் கடிச்சிருச்சுன்னு இவரு வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு ஓடியாந்தாரு. ஒத்தப் புழுவப் பாத்துட்டு ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்ணே.”

நான்காம் நாள் பிற்பகல் மலைமழை பிடித்தது. ராமசாமிக்கு மழையைத் தெரியும். புல்லின்றிச் சுரண்டி வைத்த ரப்பர்க் காட்டில் மழை பெய்தால் மண் சிவந்து ஓடும். மரத்தின் வேர் எலும்புபோல வெளியே நிற்கும். கொட்டகையின் ஓரத்தில் நின்று அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்தார்.

அது பக்கத்து நிலத்திலிருந்து வந்தது. சூலியா தெருச் சாப்பாட்டுக்கடையை நடத்தும் சித்தி ஹாஜரா என்ற பெயருடைய முஸ்லிம் பெண்மணிக்குச் சொந்தமான மொட்டைச் சரிவு அது. வேலியோரம் வரை இரத்தம்போல இரைந்து வந்த தண்ணீர், இந்தப் பக்கம் தனலெட்சுமி நட்டிருந்த புல்வரிசைக்குள் புகுந்ததும் ஓசை அடங்கியது. வாழையடிப் பள்ளங்களில் தேங்கியது. பிறகு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ராமசாமி நனைந்துகொண்டே குளக்கரைக்கு இறங்கினார். கரை நிரம்பி வழிந்த தண்ணீரை இரண்டு கைகளாலும் அள்ளினார். தண்ணீருக்கு அடியில் உள்ளங்கை ரேகைகள் தெரிந்தன. கொட்டிவிட்டு மறுபடியும் அள்ளினார். மழை விடும்வரை அங்கிருந்து அவர் நகரவில்லை. வடிவம்மாள் பின்னால் வந்து நின்றதும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் சித்தி ஹாஜரா தன் நிலத்தைப் பார்க்க வந்தார். இத்தனை நாள் அதிகம் பேசாமல் தனலெட்சுமியோடு களை பிடுங்கிக்கொண்டிருந்த வடிவம்மாள் எழுந்து வேலியருகே போனாள்.

“அக்கா, இந்த நெலத்த நாங்க பாத்துக்கட்டுமா?”

“நீங்க கப்பலுக்குப் போற ஆளுங்கன்னு முனுசாமி தம்பி சொல்லிச்சே?”

வடிவம்மாள் கணவரைப் பார்த்தாள்.

“பலன் பாக்க மூணு வருசம் ஆவும் வடிவு,” என்றார் ராமசாமி.

“ஆவட்டுமே. இருவது வருசம் மரத்த வெட்டியே பொழச்சோம். ஒருக்கா நட்டுத்தான் பாப்போமே.”

சித்தி ஹாஜரா சரிவை ஏறிட்டுப் பார்த்தார். “மழைக்கு மழை என் மண்ணு கடலுக்குப் போவுது லா. நீங்களாச்சும் புடிச்சு நிறுத்துங்க. வெளையுறதுல நாலுல ஒண்ணு எனக்குக் குடுங்க, போதும்.”

கப்பல் அவர்கள் இல்லாமலே போனது. தனலெட்சுமி சினைப்பசு ஒன்றை அண்ணனுக்கு ஓட்டிவந்து கொடுத்தாள். முதல் வருடம் போட்ட பயற்றில் பாதி கருகியது. இரண்டாம் வருடம் காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிளறிப் போட்டது. இரண்டு வருடமும் தங்கை வீட்டு உலையில்தான் இவர்களுக்கும் அரிசி. கூச்சமாக இருந்தது, இருந்தாலும் சாப்பிட்டார்கள். ராமசாமி தினமும் முனுசாமியோடு டவுனுக்குப் போய் இலை அள்ளினார். மூன்றாம் வருடம் வாழை குலை தள்ளியது.

1934-இல் ரப்பர் விலை ஏறியது. வேலைக்குத் திரும்ப அழைக்கப் பழைய கங்காணி முத்துவீரப்பன் தேடி வந்தார். ராமசாமி அவரை வாழைக்குள் அழைத்துப் போனார். வேலிக்கு அப்பால் தனலெட்சுமியின் பாக்குமரத்தடியில் கங்காணி வெகுநேரம் அண்ணாந்து நின்றார். பசுவின் நெற்றியைத் தடவினார். ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். கீழே போட மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். சுற்றி வர மதியமாகிவிட்டது. வடிவம்மாள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வந்த விஷயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

படலைத் தாண்டியவர் திரும்பிப் பார்த்தார்.

“ராமசாமி, அடுத்த வாரம் என் சம்சாரத்தக் கூட்டிட்டு வரவா? நான் வாயால சொன்னா அவ நம்ப மாட்டா.”