ஈரமாக இருந்த ஒரு துண்டு

"அந்த மூலைக்கு எதுக்கு தம்பி போறீங்க? அங்க ஒண்ணுமில்ல. சர்க்கரைவள்ளிக் கொடி போட்டிருக்கேன், அவ்வளவுதான்."

ரிசிலா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வங்கியின் கடன் அதிகாரி ஒதேரா அளவு நாடாவைச் சுருட்டியபடி நின்றான். சியாயா வட்டாரம் மழையைக் கண்டு இரண்டு மாதமாயிற்று. கிணறெல்லாம் சேறு. அவளுடைய அரை ஏக்கரும் வெடித்துக் கிடக்க, மூலையில் ஒரு கதவளவுகூட இல்லாத துண்டு மட்டும் ஈரமாக, பச்சையாக இருந்தது.

"குடிக்கவே தண்ணி இல்ல, கிழங்குக்கு ஊத்துறீங்களா? பேங்க்குக்கு விருந்தாக்கும்?"

"உங்க மேனேஜரு வந்து தின்னுட்டுப் போகட்டும். கையெழுத்தாவது சீக்கிரம் விழும்."

அவளுக்கு வேண்டியது மாவு மில்லுக்கு ஒரு என்ஜின். பழையது நின்றதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம். வங்கிக்கு வேண்டியது, கடன் திரும்பாவிட்டால் ஏலம் போகக்கூடிய நிலம். இங்கே செத்தவர்களை வீட்டு மண்ணில்தான் புதைப்பார்கள். அப்புறம் அந்த மண்ணை வேறு எவரும் வாங்க மாட்டார்கள். போன வருடம் ஒதேரா சரி என்று எழுதிக்கொடுத்த நிலம் ஒன்றில் இரண்டு சமாதி இருந்தது. மூன்று முறை ஏலம் அறிவித்தும் ஓர் ஆள்கூட வரவில்லை. இன்னொன்று இப்படி முடங்கினால் நீ வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

போன மாதம் அவன் வந்தபோது இவளுடைய கடைக்குட்டி அகேயோ பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். இன்று பைக் சும்மா நின்றது.

"எங்க உங்க வாலு?"

"கிசுமு டவுன்ல. எங்க அக்கா வீட்டுல."

அவன் கொடிகளையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மூணு நாள் காய்ச்சல், தம்பி" என்றாள் கடைசியில். "நானேதான் தோண்டினேன். அழக்கூட இல்ல. அழுதா ஊரு கூடிரும்ல. மேடு தெரியக்கூடாதுன்னு மண்ண மிதிச்சு... நான்தான் மிதிச்சேன். இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு, தம்பி."

சொல்லிவிட்டு அவள் கொடிகளிடம் போனாள்.

ஒதேரா பைக்கின் டேங்க் மேல் படிவத்தை விரித்தான். 'நிலத்தில் சமாதி உண்டா?' என்ற வரிக்கு நேரே பேனா நின்றது. உண்டு என்றால் மில் ஓடாது. இல்லை என்றால், அகேயோ அங்கே இல்லை என்று அவனும் கையெழுத்துப் போட்டதாகும். நிமிர்ந்து பார்த்தான். ரிசிலா ஒரு தகர டப்பாவிலிருந்து தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி, கொடிகளின் மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

நீங்களாக இருந்தால் எதை எழுதியிருப்பீர்கள், சொல்லுங்கள்?