வலது கைப் பிடியில் சூடு

சந்தனசாமியின் நாக்கு நுனியில் 'நாளைக்கு' என்ற சொல் எப்போதும் தயாராக இருக்கும். சிங்கப்பூர் எல்லைக்கு வடக்கே ரெங்கம் என்ற சிற்றூரில் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். கஸ்டமர் வண்டி என்றால் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுவார். கடைப் பேர் கெட்டுவிடக் கூடாதே. சொந்தக்காரன் வண்டி என்றால்தான் நாளைக்கு. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். மெக்கானிக்கின் தம்பி ஷானுடைய வண்டியும் அப்படித்தான், என்றைக்கும் அரைகுறையாகவே ஓடியது.

இப்போது தம்பி இல்லை. போன ஜனவரியில் சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து மழையில் திரும்பி வந்தவன், செடெனாக் பக்கம் ஓரமாக நின்ற, செம்பனைக் குலை ஏற்றிய லாரியின் பின்னால் போய் மோதிவிட்டான். ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இல்லை. தூங்கிவிட்டான் என்று ஊரே சொன்னது.

அவன் மனைவி பியாட்ரிஸும் அதைத்தான் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, செத்தவன் மேல் ஆறாத கோபம் வைத்திருந்தாள். "படுத்து எழுந்திரிச்சு வாங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன் மாமா. எங்களப் பத்தி நெனச்சிருந்தா தூங்கிக்கிட்டே ஓட்டுவாரா?" என்று கேட்பாள். மகள் அபிகெயிலிடமும் அதையேதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். குளுவாங்கில் அவன் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வரமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். சந்தனசாமி தனியாகப் போவதாக இருந்தது.

முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம், பியாட்ரிஸ் மழைக்கோட்டோடு பட்டறைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஷான் மோதிய அதே வண்டி. முன்பக்கத்தைச் சந்தனசாமியே சரிசெய்து கொடுத்திருந்தார்.

"திங்கக்கெழமையிலேர்ந்து செனாய்ல கோல்ட் ரூம் வேலை, மாமா. அவரு சிங்கப்பூர்ல செஞ்ச மாதிரியே மீன் பெட்டி அடுக்கணும். வேலை முடிஞ்சு வர்றப்ப விரல் மரத்துப் போயிடுமாம். வண்டிக் கைப்பிடிய சூடாக்குற ஹீட்டர் கிரிப் இருக்குன்னு அங்க ஒருத்தி சொன்னா. மாட்டித் தர முடியுமா?"

வேலை மேசைக்கு அடியில், பழைய டியூப்களுக்குப் பின்னால், பிரிக்காத ஒரு பெட்டி இருந்தது. சந்தனசாமி குனிந்து எடுத்தார்.

"கடையிலயே ஒண்ணு கெடக்குலா. யாரோ கஸ்டமரு சொல்லி வச்சிட்டு வரல" என்றார்.

பொய். அது ஷான் வாங்கிக் கொடுத்த பெட்டி. "இந்த வெயில் ஊர்ல ஹீட்டரா? அட அலமாக், வெளிய சொல்லாத, சிரிப்பாங்க" என்று அன்றைக்குத் தம்பியைக் கேலி செய்து, நாளைக்கு மாட்டலாம் என்று கீழே தள்ளிய பெட்டி. ஷான் சாகும்வரை மூன்று மாதம், அதற்குப் பிறகும் இன்றுவரை, அங்கேயே கிடந்தது.

பியாட்ரிஸ் எதிரே இருந்த கடைக்குச் சாமான் வாங்கப் போனாள். சந்தனசாமி பழைய ரப்பர் பிடிகளை அறுத்து எடுத்தார். பசை தடவிப் புதியதைச் சொருகினார். வலது பிடி ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்பும். வயர் இழுபடாமலிருக்கக் கொஞ்சம் தளர்வு விட்டார். பிறகு பேட்டரிக்குப் போகும் சிவப்பு வயரைத் தேடி நிமிர்ந்தபோது, அவர் கை தற்செயலாக வலது பிடியில் பட்டது.

சூடாக இருந்தது.

இடது பிடியைத் தொட்டார். மழைக் குளிரில் சில்லென்று இருந்தது. வயர்கள் இரண்டும் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தன. மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. மறுபடி தொட்டார். யாரோ எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்த மாதிரிச் சூடு. பிடி முழுக்கவும் இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு மட்டும்.

கையை எடுக்கத்தான் நினைத்தார். ஆனால் விரல்கள் பிரேக்கை நோக்கிப் போயின. அழுத்தப் பார்த்தார், மடங்கவில்லை. மரக்கட்டையாகிவிட்டன. வேர்த்துக் கொட்டுகிறது, விரல் மட்டும் ஐஸ். 'டேய் ஷான், விடுடா' என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினார். ஐம்பத்தாறு வயது மனுஷன், பட்டப்பகலில், சொந்தப் பட்டறையில் நின்று நடுங்கினார்.

அந்த நேரத்தில் பியாட்ரிஸ் திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் வலது பிடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அட, அதுக்குள்ள சூடாயிருச்சே. வேலை முடிஞ்சிருச்சா மாமா?"

சந்தனசாமி தொங்கிய வயர்களைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தப் பெட்டி கஸ்டமரோடது இல்லம்மா. ஷான் வாங்கினது. மாட்டிக் கொடுன்னு எங்கிட்ட கொடுத்தான். நான் நாளைக்கு நாளைக்குன்னு போட்டு வச்சிட்டேன்."

அவள் காலிப் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டினாள்.

"அன்னிக்குக் காலைல செனாய்லேர்ந்து போன் பண்ணான். 'அண்ணே, மழ பேயுது, விரல் மடங்கவே மாட்டேங்குது, பிரேக் புடிக்க முடியல, வந்து கூட்டிட்டுப் போறியா'ன்னான். கஸ்டமர் வண்டி கையில இருந்துச்சு. மெதுவா வாடா, நாளைக்குக் கண்டிப்பா மாட்டித் தர்றேன்னு சொல்லி வச்சிட்டேன்."

"அப்ப அவரு தூங்கலையா?"

"இல்லம்மா."

"தூங்கவே இல்லையா?"

"முழிச்சுக்கிட்டுத்தான் வந்தான்."

பியாட்ரிஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்து மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. "அய்யோ, எப்படியெல்லாம் திட்டினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சந்தனசாமி ஓரடி முன்னால் வைத்தார். வேண்டாம் என்று அவள் கையைக் காட்டினாள்.

வெகுநேரம் கழித்துப் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "அபி, அப்பா தூங்கலடி. வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள்.

எழுந்து மழைக்கோட்டை மாட்டினாள்.

"வண்டிய இன்னிக்கே முடிச்சுக் கொடுங்க. எனக்குத் திங்கக்கெழம வேலை இருக்கு."

"சரிம்மா."

"நாளைக்கு நானும் அபியும் கல்லறைக்குப் போறோம்."

சந்தனசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க வராதீங்க, மாமா" என்றாள் பியாட்ரிஸ்.