தலைப்பில் நின்ற ‘அனைத்து’

ஆய்வேட்டை ஒப்படைக்க வெள்ளிக்கிழமையே கடைசி நாள். தவறினால் ரூபாவின் ஆறாண்டுப் பதிவு ரத்தாகிவிடும். புதன்கிழமை காலையில், விஜயபுரத்திலிருந்து திருப்பதிக்கு வரும் பேருந்தில், நான்காம் அதிகாரத்தில் பிழையிருப்பதை அவள் கண்டாள்.

அவளது துறை கணிதத்தில் கேட்டகரி தியரி. ஒவ்வொரு தருக்கமுறையையும் ஒரு புள்ளியாகவும், ஒன்றை மற்றொன்றாகப் பெயர்ப்பதை ஓர் அம்பாகவும் கொண்டு ஆராய்பவள். ஒரு வாக்கியத்தை வேறொரு தருக்கத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற்றால் அதுவே வருவதில்லை. அதற்குச் சமமான வேறொன்று வருகிறது. ஆதலால் சமமானவற்றை ஒன்றெனவே கொண்டிருந்தாள். நீண்ட வாக்கியத்தினுள்ளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாமா என்று மட்டும் சரிபார்க்கவில்லை. உண்மை, பொய், இரண்டுமல்லாதது என மூன்று மதிப்புகளுள்ள ஒரு தருக்கத்தில், சமமான இரண்டு வாக்கியங்கள் மறுக்கப்பட்டவுடன் வெவ்வேறாயின.

நெறியாளர் ஹரிபிரசாத் நகரிக்காரர். அவள் நீட்டிய தாளை இருமுறை படித்தார்.

“இத்த யாரு பாக்கப்போறாங்க? ரெண்டு வருசமா நானே பாக்கல.”

“இப்ப நான் பாத்துட்டேனே சார்.”

“அப்ப டைட்டில்ல ‘அனைத்துத் தருக்கங்களும்’னு இருக்கறத ‘சில’ன்னு மாத்திக்கோ. மிச்சம் நிக்குது.”

அலுவலகத்தில் எழுத்தர் கிரண்குமார் தலை நிமிரவில்லை.

“டைட்டில் மாத்தணும்னா கமிட்டி கூடணும்மா. ஜூலைலதான்.”

“தப்புன்னு தெரிஞ்சிக்கினே எப்படி சார் குடுக்கறது?”

“அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? கம்ப்யூட்டர்ல இருக்கறதும் அட்டைல இருக்கறதும் ஒன்னா இருக்கணும். அந்தே, அவ்ளோதான்.”

“சமமா இருந்தா போதாதா சார்?”

“ஒன்னா இருக்கணும்மா.”

எரிச்சலுடன் வெளியேறினாள். தன்னைவிடக் கண்டிப்பானவர் ஒருவரை, அதுவும் இந்த வாரத்தில்தானா சந்திக்க வேண்டும்! இரண்டு நாட்கள் அமர்ந்து நான்காம் அதிகாரத்தைத் திருத்தினாள். பெருமையாக எண்ணியிருந்த தேற்றம் பாதியாகச் சுருங்கியது. முன்னுரையின் முதல் வரியை மூன்று முறை அடித்து, இறுதியில் இவ்வாறு எழுதினாள்: ‘இவ்வேட்டின் தலைப்பு கூறுவது உண்மையன்று, அதனை மறுக்கும் எடுத்துக்காட்டு நான்காம் அதிகாரத்தில் தரப்பட்டுள்ளது.’

“டைட்டிலையே மறுத்துக்கினு எவனாச்சும் தீசிஸ் குடுப்பானா?” என்றார் ஹரிபிரசாத்.

“வேற வழி இருந்தா சொல்லுங்க சார்.”

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார்.

“வைவால நீயே பதில் சொல்லு. என்னைப் பாக்காத.” கையெழுத்திட்டார்.

கிரண்குமார் அட்டையின்மேல் விரலை ஓட்டி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். உள்ளே ஒரு பக்கத்தையும் திறக்காமல் முத்திரையிட்டார். ரசீதைப் பெற்றுக்கொண்ட ரூபாவுக்கு மகிழ்ச்சி தோன்றவில்லை. தேர்வாளர் முதல் வரியோடு நிறுத்தி, ஏடே தவறென்று தள்ளிவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று எண்ணியவாறே பேருந்து நிலையத்திற்கு நடந்தாள்.