பெரிசும் சிட்டும்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தபோது அவளுக்குச் சுவரே வட்டமாகத் தெரிந்தது. காலையிலிருந்து கடல் தண்ணீர்ச் சொட்டுகளில் மிதக்கும் உயிர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். கழுத்து கல்லாய்க் கனத்தது. எண்ணுவதுகூடப் பரவாயில்லை, எது எந்த இனம் என்று பிரிப்பதுதான் உயிரை வாங்கும். ஒன்று முள்ளை உதிர்த்துவிட்டு வேறு ஆள் மாதிரி நிற்கும். இன்னொன்று பதப்படுத்தும் மருந்து பட்டதுமே கரைந்து, இருந்த சுவடே தெரியாது.

அடுத்த மேசையில் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தே அக்காவானவள். இந்த மாதத்தோடு ஓய்வு. வீட்டில் இருக்கிறவர்கள் மூஞ்சியைப் பார்க்க நேரமில்லை, இங்கே கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் அதில் ஒன்றுக்குப் பேர் வைத்தவளே அவள்தான். கண்ணாடி ஓடு போட்ட வட்டப் பாசி ஒன்று உண்டு. அதைப் பெரிசு என்பார்கள். அதே புள்ளிகளோடு பாதி அளவில் இன்னொன்றை அக்கா கண்டுபிடித்தாள். நடுத்தர அளவில் எதுவும் சிக்காததால் தனி இனம் என்று ஒப்புக்கொண்டார்கள். செல்லப்பெயர் சிட்டு. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் சிட்டம்மா. இனத்துக்கு ஒரு பொத்தானாக அழுத்தி எண்ணும் பெட்டியில் சிட்டுக்கென்றும் தனிப் பொத்தான்.

இந்த வகைப் பாசி இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகப் பெருகச் சிறுத்துக்கொண்டே போகும். இதற்குமேல் முடியாது என்கிற நிலையில் பழைய ஓட்டை உதறிவிட்டு மறுபடி பெரிதாகும். எல்லோரும் படித்ததுதான், இங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை.

இப்போது அவள் பார்த்துவிட்டாள். சிட்டின் ஓடு இரண்டு பாதியாகத் திறந்து கிடக்க, நடுவே ஊதிப் பருத்து நின்றது பெரிசு. சிட்டு தனி இனமே இல்லை, சிறுத்துப்போன பெரிசுதான். எழுதினால் கணக்கில் ஓர் இனம் குறையும். அக்காவுக்குச் சிட்டு இல்லை.

கண்ணாடித் தகட்டைக் கழுவிவிடலாமா என்று கை போனது. அக்கா நிம்மதியாக ஓய்வில் போகட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது? கை அப்படியே நின்றது.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க."

அக்கா முனகிக்கொண்டே வந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தாள். திருகியை முன்னும் பின்னும் மெல்லத் திருப்பினாள். நெடுநேரம் நிமிரவே இல்லை.

"எவ்வளவு அழகா வருது பாரு," என்றாள் கடைசியில். "இத்தனை நாளா எங்க போயிருந்துச்சாம், கழுதை."

"இதை எந்தக் கணக்குலக்கா போடறது?"

குனிந்தபடியே அக்காவின் கை எண்ணும் பெட்டியைத் துழாவியது. கட்டைவிரல் சிட்டின் பொத்தானைத் தொட்டது. தேய்ந்து பளபளத்த பொத்தான். அதைவிட்டு மெல்ல நகர்ந்து, பெரிசின் பொத்தானுக்குப் போகிற வழியில், நடுவே இருந்த வெறும் தகரத்தில் நின்றது.