வரலட்சுமியின் ஸ்பானிஷ் தலைமுடி

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டு மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்த பாவத்துக்குப் பரிகாரமாக எழுதுகிறேன். ஸ்பானிஷுக்கும் திருத்தணிக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்பீர்கள். மொட்டைத் தலை உண்மை. முழங்காலை விட்டுவிடுகிறேன்.

2

'அந்திச் சூரியன் தணிகை மலையில்...'

(அடித்துவிட்டேன். நடந்தது காலை பத்து மணிக்கு.)

பக்கத்து வீட்டு வரலட்சுமி சென்னைக் கம்பெனி வேலை ஒன்றுக்காக ஆறு மாதம் போனிலேயே ஸ்பானிஷ் படித்தாள். திங்கட்கிழமை வீடியோவில் வாய்மொழித் தேர்வு. "ஃபெயிலானா நைனா திரும்ப பவர்லூமுக்குத்தான் கூப்புடும்ணா" என்று பயந்தாள். தன்னைப் பற்றிச் சொல்லப் பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்தாள். ஐந்தாவது, 'தேங்கோ எல் பெலோ லார்கோ'. எனக்கு நீளமான தலைமுடி. பெலோ என்றால் தலைமுடி. ஸ்பெயினில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல்.

3

அக்காவுக்கு நல்லபடியாகப் பிரசவமானால் தணிகை மலைக் கோயிலுக்குத் தன் முடி காணிக்கை என்று அவள் வேண்டியிருந்தாள். அக்கா குழந்தைக்கு முதல் மொட்டை போடக் குறித்த நாளோ தேர்வுக்கு முந்தின நாள்.

"நீ அடுத்த வாரம் போட்டுக்கோயேன்" என்றேன்.

"சாமிகிட்ட வாய்தா கேக்கச் சொல்றியாணா?"

போட்டுக்கொண்டாள். ஐந்தாவது வாக்கியம் எங்கள் இருவருக்குமே நினைவு வரவில்லை.

4

போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். திரையில் தேர்வாளர் அம்மாள். (அவரைக் கடுகடுப்பானவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷி.) சந்தனம் பூசிய தலையோடு வரலட்சுமி கணீரென்று சொன்னாள்: "தேங்கோ எல் பெலோ லார்கோ."

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பெலோ எங்கே என்று ஸ்பானிஷில் கேட்டார்.

வரலட்சுமியின் கை தலைக்குப் போனது. எனக்கு உயிரே... (பொய். சிரித்துவிட்டேன், போன் ஆடியது.) மனப்பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"மி பெலோ எஸ்தா என் லா மொந்தான்யா."

என் தலைமுடி மலைமேல் இருக்கிறது.*

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். இவளும் சிரித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

(* பத்து வாக்கியங்களில் இது இல்லை. அவளே கட்டிய முதல் ஸ்பானிஷ் வாக்கியம்.)

5

ரிசல்ட் நாளைக்கு மின்னஞ்சலில் வரும். இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி அவளிடம் காட்டினேன். ஒன்றில் தேறுகிறாள், இன்னொன்றில் இல்லை.

"ரெண்டையும் நீயே வெச்சிக்கோணா. நான் படிச்சிகினு இருக்கேன்" என்றாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தேங்கோ போகோ பெலோ" என்றாள். எனக்குக் கொஞ்சம் முடி இருக்கிறது.

இனி மாதாமாதம் திருத்த வேண்டிய வாக்கியம் அது. திருத்த அவளுக்குத் தெரிந்துவிட்டது. மின்னஞ்சலை நீங்கள் திறந்துகொள்ளுங்கள்.