பால்வீதியின் வேர்ச்சீட்டு

'கேலக்ஸி' என்ற சொல்லுக்கான சீட்டுகளின் கட்டு என் மேசைக்கு வந்த அன்று, என் மகள் ஈனிட் பிறந்து ஐந்து நாள். அதில் மூன்று நாளாக அவள் பால் குடிக்கவில்லை. "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எங்கள் அகராதி அறையில் பேசக் கூடாது. ஊர் ஊராக வாசகர்கள் எழுதி அனுப்பும் மேற்கோள் சீட்டுகளைக் காலவரிசையில் அடுக்கி, சொல்லின் பிறப்பை ஒரு வேர்ச்சீட்டில் எழுதி மேலே வைத்து, நூலால் கட்டி ஆசிரியர் திரெல்கெல்டிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் பிழைப்பு.

தூங்காத கண்ணுக்கு எழுத்துகள் மிதந்தன. ஆங்கிலத்துக்கு அடியில் பிரெஞ்சு, அதற்கும் அடியில் லத்தீனின் 'கலாக்சியாஸ்'. இன்னும் இறங்கினால் கிரேக்கத்தில் 'கலா'. பால். ஏதோ ஒரு தேவியின் மார்பிலிருந்து சிதறிய பால்தான் வானத்தில் வெள்ளைப் பாதையாகக் கிடக்கிறதாம். அவ்வளவு பால்! ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மழைகூட வெள்ளையாகத் தெரிந்தது. எழுதினேன், கட்டினேன், கொடுத்தேன்.

சற்று நேரத்தில் திரெல்கெல்ட் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா எழுதியிருக்க? 'கலா: பால். மூன்று நாளாகக் குடிக்கவில்லை.' யாரு குடிக்கல? கிரேக்கனா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் பொண்ணு, சார்."

சிரிப்பு நின்றது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"கெளம்பு. இந்த வார்த்தை ரெண்டாயிரம் வருஷமா இருக்கு. நாளைக்குள்ள எங்கயும் ஓடிடாது."

வீட்டில் என் மனைவி லெட்டிஸ் தொட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இந்நேரத்துல? துரத்திட்டாங்களா?"

"இல்லடி. கொஞ்சம் படு. நான் பாத்துக்கறேன்."

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

ஈனிட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்; ஒரு ரொட்டியின் கனம்கூட இல்லை. பயமாக இருந்தது. கணப்பருகே நடந்தபடி, வேறு பேசத் தெரியாமல், அன்று படித்ததையே அவள் காதில் சொன்னேன். கேலக்ஸி, கலாக்சியாஸ், கலா. கலா, கலா. எப்போது உட்கார்ந்தேன், எப்போது கண் செருகியது, தெரியாது.

விழித்தபோது கை காலியாக இருந்தது. அலறிக்கொண்டு எழுந்தேன்.

"உஷ்! கத்தாதீங்க," என்றாள் லெட்டிஸ் கட்டிலிலிருந்து. "குடிக்கிறா."